சைவ வாத்தியாரிடம் காட்டலாமா?

அன்பின் பிள்ளைக்கு,

உமது கடிதம் கிடைத்தது. ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளுக்காக மாற்கு சுவிசேஷத்தை இலகு தமிழில் எழுதுகிறீர் என்று அறிந்து எனக்குப் பெரிய சந்தோஷம். அதைத் திருத்தித் தரும்படி உமது பழைய தமிழ் வாத்தியாரைக் கேட்கலாமா, அவர் திருநீறு பூசுகிறவர் ஆயிற்றே என்று சபையில் ஒருவர் முகம் சுளித்தாராம். நீரும் குழம்பிப்போய் என்னைக் கேட்கிறீர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? நல்லூர்ப் பக்கம் சைக்கிளில் போய்வருகிற உமக்கு நாவலரின் நினைவு ஒருநாளும் வந்ததில்லையா?

“ஓம் பெரியப்பா, எங்கட வேதாகமத்தை மொழிபெயர்த்தவரே நாவலர்தானே” என்று உடனே மறுமொழி எழுதிவிடாதேயும். எங்கள் ஊரில் பாதிப்பேர் விடுகிற பிழை அது. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்பு வேலைக்குத் துணைநின்றவர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாகி வந்தது. ஆனால் அது நாவலர் தனியே செய்ததல்ல. பேர்சிவல் தலைமையில் பலர் கைவைத்த வேலை. இன்று நீர் கோவிலுக்குக் கொண்டுபோகிற வேதாகமமும் அதுவல்ல. சென்னைப் பக்கத்துச் சபைகளுக்குப் பப்பிரிசியஸ் ஐயரின் பழைய மொழிபெயர்ப்பு நடை நாவில் ஊறியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பிரதி அங்கே வேரூன்றவில்லை. பிறகு ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு இருந்து உழைத்து 1871இல் முழுமையாக்கியதே உமது கையில் இருப்பது. பேராயர் சபாபதி குலேந்திரன் 1967இல் தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை ஒரு புத்தகமாகவே எழுதிவைத்தார். தேடி வாசியும். வாசிக்காமல் மேடையில் பேசாதேயும்.

இனி உமது கேள்விக்கு வருகிறேன். பேர்சிவலும் நாவலரும் அந்தக் கையெழுத்துப் பிரதியோடு சென்னைக்குப் போனபோது, தமிழ் சரியா என்று பார்க்க அது மழவை மகாலிங்கையரிடம் கொடுக்கப்பட்டது என்றும், அவர் பிழையில்லை என்று ஒப்புக்கொண்டார் என்றும் நாவலர் வரலாறுகள் சொல்லும். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தை அச்சேற்றிய புலவர் அவர். எழுதத் துணைநின்றவரும் சைவர், பார்த்துச் சொன்னவரும் கிறிஸ்தவரல்லர். அதனால் எந்தச் சபையும் இடிந்துவிழவில்லை, பிள்ளை.

“அது தமிழுக்குச் சரி, விசுவாசம் இல்லாதவருக்கு வேதம் எப்படி விளங்கும்?” என்று அந்த ஆள் கேட்பார். கேட்கட்டும். சாலொமோன் ஆலயம் கட்டினபோது மரம் வெட்டியவர்கள் யார்? சீதோனியரைப்போல மரம் வெட்டத் தெரிந்தவர் நம்மிடத்தில் இல்லை என்று ராஜாவே தீருவின் ராஜாவுக்குச் சொல்லியனுப்பினார். அவர்கள் வெட்டித்தந்த கேதுருமரம் தீட்டென்று யாரும் ஒதுக்கவில்லை. சிறையிருப்பிலிருந்து ஜனங்களை விடுவித்த கோரேசு ராஜாவும் ஆண்டவரை அறியாதவன்தான்.

இன்னும் ஒன்றை யோசித்துப்பாரும். எங்கள் மார்க்கத்துக்கென்று தனியே ஒரு தேவபாஷை கிடையாது. பெந்தெகொஸ்தே நாளில் வந்திருந்த கூட்டத்துக்கெல்லாம் திடீரென்று எபிரேயு விளங்கவில்லை. பார்த்தரும் மேதரும் அவரவர் பிறந்த பாஷையிலேயே கேட்டார்கள். ஆண்டவர் ஊரில் கதைத்தது அரமேயம். சுவிசேஷங்கள் எழுதப்பட்டதோ கிரேக்கத்தில். நீர் எழுதுகிற மாற்குவிலேயே ஐந்தாம் அதிகாரத்தைப் பாரும். யவீருவின் மகளை எழுப்புகிற இடத்தில் “தலீத்தாகூமி” என்று அவர் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே வைத்துவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று பக்கத்திலேயே மாற்கு சொல்லிவிடுகிறார். ஆண்டவருடைய பேச்சு எங்களிடம் வந்துசேர்ந்ததே மொழிபெயர்ப்பாகத்தான். அப்படியிருக்க, ஒரு பாஷையை நன்றாய் அறிந்தவரின் காதைக் கடன்வாங்குவதில் வெட்கம் எங்கே இருக்கிறது? கிரேக்கம் படிக்க வருஷக்கணக்காய்ச் செலவிடுகிற எங்கள் ஆட்கள், தமிழ் மட்டும் தாய்ப்பாலோடு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

நாவலரைக் கதைக்கும்போது இன்னொரு பெருமூச்சும் எங்கள் ஆட்களிடம் உண்டு: “கடைசிவரை மனந்திரும்பவில்லையே.” அந்தப் பெருமூச்சை நீரும் விடாதேயும். அவர் 1848இல் மிஷன் வேலையை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதி, எங்கள் வேதாகமத்திலிருந்தே இஸ்ரவேலரின் ஆலய வழிபாட்டை எடுத்துக்காட்டி மிஷனரிமாருக்கு மறுமொழி சொன்னார். எங்கள் நூலை அவ்வளவு ஆழமாக வாசித்த எதிராளி எங்களுக்குக் கிடைத்தது நல்லதுதான். அவர் துணைநின்ற வேலைக்கு நன்றி சொல்லவேண்டும். அவருடைய ஆத்துமாவைக் கணக்குப்பார்ப்பது எங்கள் வேலையல்ல.

ஆகையால் வாத்தியாரிடம் கொண்டுபோம். எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள் என்று கொடுத்து அவரை அவமதியாதேயும். வசனம் எங்கே தடக்குகிறது, எங்கே பிள்ளைகளுக்கு மூச்சுமுட்டும் என்று சொல்லக்கூடியவர் அவர். மூலத்தின் பொருளுக்கு நீரும் போதகரும் பொறுப்பு. அவர் அழகுக்காக ஒரு சொல்லைப் போட்டு அதிலே பொருள் நழுவினால், முகத்துக்கு நேரே சொல்லும், கோபிக்கமாட்டார். நாலு வசனத்தை அவர் முன்னாலேயே சத்தமாய் வாசித்துக்காட்டும். சபையில் காசு இருந்தால் வேலைக்குரிய கூலியைக் கொடுக்கச் சொல்லும். “தேவனுடைய ஊழியம்தானே” என்று சைவரிடம் இலவசமாய் வாங்குவது முறையல்ல.

முன்னுரையில் அவர் பெயரைப் போடவேண்டும் என்று நீர் நினைப்பீர். முதலில் அவரைக் கேளும். அவருக்கும் கோயிலும் சொந்தக்காரரும் இருக்கிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடும்.

அன்புடன்,
பெரியப்பா