ஐந்தாம் ஆட்டக்காரர்

போட்டி எதுவாயினும், அதன் இறுதியாட்டத்திற்கு முந்திய நாள் தனிச் சிறப்பு உடையது. அன்று வெற்றி எவர்க்கும் உரியதன்று, இருதிறத்தார்க்கும் உரியதாகலாம். வலியர் எவர், களைத்தவர் எவர், முன்பு எதிர்த்து நின்று வென்றவர் எவர் என்று மக்கள் கூடிக்கூடிப் பேசுவர். இவ்வாறு இருவர் வலிமையையும் சீர்தூக்கிப் பார்த்தல் வீண்செயலன்று. அஃது ஆட்டத்தின் நுட்பங்களை அறியச் செய்யும். ஆயினும், எடுத்து நிறுக்க இயலாத வலிமை ஒன்றும் உண்டு. 2022ஆம் ஆண்டு மே மாதம் தாய்லாந்து நாட்டின் தலைநகராகிய பாங்காக்கில் நடைபெற்ற தாமஸ் கோப்பை இறுதிப்போட்டி இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

தாமஸ் கோப்பை, இறகுப்பந்தாட்டத்தில் ஆடவர் அணிகள் நாட்டின் பெயரால் மோதும் உலகப் போட்டியாகும். இங்கிலாந்து நாட்டு ஆட்டக்காரரும், உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பின் முதல் தலைவருமாகிய சர் ஜார்ஜ் தாமஸ் என்பார் 1939ஆம் ஆண்டில் இக்கோப்பையை வழங்கினார். உலகப் போர் மூண்டமையால் முதற்போட்டி 1949ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. அதில் மலாயா வென்றது. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடியும், மலேசியா, இந்தோனேசியா, சீனா, ஜப்பான், டென்மார்க் என்னும் ஐந்து நாடுகளே இக்கோப்பையைக் கைப்பற்றியிருந்தன. இந்தியா இறுதிப்போட்டியை எட்டியும் பார்த்ததில்லை. 1979ஆம் ஆண்டிற்குப் பின் அரையிறுதிக்குக்கூட வந்ததில்லை.

இப்போட்டியின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். இரு நாடுகள் மோதும்பொழுது ஐந்து ஆட்டங்கள் வகுக்கப்படும். முதலாவதும் மூன்றாவதும் ஐந்தாவதும் ஒற்றையர் ஆட்டங்கள். இரண்டாவதும் நான்காவதும் இரட்டையர் ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்று செட்டுகளுள் இரண்டை வெல்பவரே வெற்றியாளர். செட் ஒன்றுக்கு 21 புள்ளிகள். இருவரும் 20 புள்ளிகளை எய்திவிட்டால், இரண்டு புள்ளிகள் முந்தும் வரை ஆட்டம் நீளும். 29க்கு 29 என்றாகிவிட்டால் அடுத்த ஒரு புள்ளியே முடிவு செய்யும்.

தோற்ற அணி வெளியேறும் கட்டத்தில், மூன்று ஆட்டங்களை ஓர் அணி வென்றவுடன் போட்டி முடிந்துவிடும், எஞ்சியவை நடைபெறா. ஆதலின், ஐந்தாம் ஆட்டக்காரரின் நிலை விந்தையானது. தாம் களம் இறங்குவோமா மாட்டோமா என்பதை அவர் அறியார். ஆயினும், இறங்கப்போகின்றவரைப் போன்றே உடலையும் உள்ளத்தையும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். இறங்க நேர்ந்தாலோ, அப்பொழுது இரண்டுக்கு இரண்டு என்று போட்டி சமநிலையில் இருக்கும். நாட்டின் வெற்றி தோல்வி முழுவதும் அவர் ஒருவர் தோள்மேல் ஏறிவிடும்.

2022ஆம் ஆண்டு இந்திய அணியில் இப்பொறுப்பை ஏற்றவர் கேரளத்தைச் சேர்ந்த எச். எஸ். பிரணாய். கால் இறுதியில் இந்தியா மலேசியாவைச் சந்தித்தது. முதல் நான்கு ஆட்டங்களில் இரு அணிகளும் இவ்விரண்டை வென்றன. ஐந்தாவதாக இறங்கிய பிரணாய் 21-13, 21-8 என்று எளிதில் வென்றார். அரையிறுதியில் டென்மார்க்கு எதிரே நின்றது. மீண்டும் இரண்டுக்கு இரண்டு. மீண்டும் பிரணாய் களம் புகுந்தார். எதிர்நின்றவர் ராஸ்மஸ் கெம்கே. முதற் செட்டிலேயே பிரணாய் வழுக்கிக் கணுக்காலில் அடிபட்டார். மருத்துவ உதவி பெற்றுத் தொடர்ந்தார். அந்தச் செட்டை 13-21 என்று இழந்தார். ஆயினும், நோவைப் பொறுத்துக்கொண்டு நின்று, 21-9, 21-12 என்று அடுத்த இரண்டையும் வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிப்போட்டிக்குள் நுழைந்தது.

மே 15ஆம் நாள் இறுதிப்போட்டி. எதிர்அணி இந்தோனேசியா. இறகுப்பந்தாட்டம் அந்நாட்டு மக்களின் உயிரோடு கலந்தது. 1958ஆம் ஆண்டு முதல் பதினான்கு முறை இக்கோப்பையை வென்ற பெருமை அதற்கு உண்டு. முந்திய போட்டியில் வாகை சூடியதும் அதுவே. பாங்காக்கிலும் அதுவரை எந்த அணியிடமும் அது தோற்கவில்லை. இந்தியாவோ முதற் கட்டத்தில் சீன தைபேயிடம் தோல்வி கண்டிருந்தது.

ஆட்டக்காரரைத் தனித்தனியே நோக்கினும் இந்தோனேசியாவின் தட்டே தாழ்ந்தது. முதல் ஒற்றையரில் ஆட இருந்த அந்தோணி கின்டிங், டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் பெற்றவர். அவரை எதிர்க்க வேண்டிய லக்ஷ்யா சென் இருபது வயது இளைஞர். அவ்வாண்டு ஆல் இங்கிலாந்துப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவராயினும், பாங்காக் வந்தது முதல் உணவுக் கோளாற்றால் உடல்நலம் குன்றியிருந்தார். மலேசியாவிடமும் டென்மார்க்கிடமும் தம் ஆட்டங்களை இழந்திருந்தார். இரட்டையரில் இந்தோனேசியாவுக்காக இறங்க இருந்த முகமது அசன் மும்முறை உலக வாகையர்; கெவின் சுகமுல்ஜோ நெடுங்காலம் உலகின் முதல்நிலை இணையில் விளங்கியவர். எனினும், இவ்விருவரும் வழக்கமாக இணைந்து ஆடுபவர் அல்லர். இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியும் சிராக் ஷெட்டியும் பல ஆண்டுகள் சேர்ந்தே பழகியவர்கள். மூன்றாம் ஆட்டத்தில் 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் பொற்பதக்கம் வென்ற ஜோனாதன் கிறிஸ்டியும், பாங்காக்கில் தம் ஆட்டங்கள் அனைத்தையும் வென்றிருந்த கிடாம்பி ஸ்ரீகாந்தும் மோத வேண்டும். இது சமவலிமை உடையோர் மோதலாகத் தோன்றியது. இந்தியா வெல்வதாயின், ஐந்தாம் ஆட்டம் வரை போட்டி நீள வேண்டும் என்பதும், அடிபட்ட காலோடு பிரணாய் மீண்டும் பாரத்தைச் சுமக்க நேரும் என்பதும் இயல்பாக எழுந்த எண்ணங்களாம்.

மறுநாள் போட்டி தொடங்கியது. முதற் செட்டைக் கின்டிங் 21-8 என்று கைப்பற்றினார். கணித்தபடியே யாவும் நடப்பதாகத் தோன்றியது. ஆனால், லக்ஷ்யா கலங்கவில்லை. பந்தை நெடுநேரம் ஆட்டத்தில் நிறுத்தி, விரைந்து முடிக்கக் கருதிய எதிராளியைத் தவறிழைக்கச் செய்தார். 21-17, 21-16 என்று அடுத்த இரண்டு செட்டுகளையும் வென்றார். அடுத்துச் சாத்விக்கும் சிராக்கும் முதற் செட்டை 18-21 என்று இழந்தனர். இரண்டாம் செட்டில், இன்னும் ஒரே புள்ளி பெற்றால் ஆட்டத்தை முடித்துவிடலாம் என்னும் நிலையை எதிரணி எட்டியது. அவ்விளிம்பில் நின்றும் இந்திய இணையர் தளரவில்லை. 23-21, 21-19 என்று மீண்டு வென்றனர். மூன்றாவதாக ஸ்ரீகாந்த் 21-15, 23-21 என்று கிறிஸ்டியை வீழ்த்தினார். மூன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் இந்தியா வாகை சூடி, கோப்பையை வென்ற ஆறாவது நாடாயிற்று.

அன்று பிரணாய் மட்டையைத் தொட்டு ஒரு புள்ளியேனும் ஆடவில்லை. அவருடைய ஐந்தாம் ஆட்டம் நடைபெறவே இல்லை. ஆயினும், அவ்வெற்றியில் அவர்க்குப் பங்கில்லை என்று கூறுவார் உண்டோ? அவர் இருமுறை வென்றிராவிடில், இந்தியா இறுதிநாளைக் கண்டிராது. அன்றியும், கடைசியில் நம்பத்தகுந்த ஒருவர் நிற்கின்றார் என்னும் எண்ணம் முன்னே ஆடுவோர்க்குத் துணிவு தரும். தாம் தோற்றால் அனைத்தும் அழியும் என்ற அச்சத்தோடு ஆடுபவர் கை நடுங்கும். தமக்குப்பின் ஒருவர் உளர் என்று அறிந்து ஆடுபவர் கை நடுங்காது.

முந்திய நாள் சீர்தூக்கியவர்கள் பிழை செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் பதக்கங்களை எண்ணினர். பழைய வெற்றிகளை எண்ணினர். அவை எண்ணத்தக்கவையே. ஆனால், ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கையை எண்ணி அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. அணியாகக் கூடிச் செய்யும் செயல் எதுவாயினும், அதில் முன்னே நின்று புகழ் பெறுவோர் சிலர். அழைப்பு வருமோ வாராதோ என்று அறியாமல் ஆயத்தமாக நிற்போர் சிலர். இவ்விரு திறத்தாரும் சேர்ந்தே வெற்றியை ஆக்குகின்றனர்.