தூங்கி விழித்தால் டச்பேட் வேலை செய்யவில்லையா?

கேள்வி: மடிக்கணினியை மூடி வைத்துத் திறந்தால் டச்பேட் அசைவதில்லை. விசைப்பலகை மட்டும் வேலை செய்கிறது. கடைக்காரர் பேடையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– வாசகி, தெலுக் இந்தான்

பதில்: அவசரப்படாதீர்கள், சகோதரி. முதலில் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட் டவுன்’ போதாது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயக்கத்தில் இருந்தால் பழைய டிரைவர் நிலை சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பும். ரீஸ்டார்ட்டுக்குப் பின் டச்பேட் அசைந்தால், பேட் பெரும்பாலும் நலம். ஸ்லீப்பிலிருந்து எழும்போது அதன் டிரைவர்தான் எழவில்லை.

மவுஸ் இல்லாமலே சரிசெய்யலாம். விண்டோஸ் விசையுடன் எக்ஸ், பிறகு எம் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். டேப், அம்பு விசைகளால் ‘ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்’ பகுதிக்குப் போய், வலது அம்பை அழுத்தி விரியுங்கள். ‘ஐ2சி எச்ஐடி டிவைஸ்’ மீது என்டர் தட்டி, ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இக்கருவியை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். சில கணினிகளில் அந்தப் பக்கமே இருக்காது. அப்போது தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் உங்கள் மாடலுக்குரிய டச்பேட் டிரைவரையும் பயாஸையும் புதுப்பியுங்கள்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அசையாவிட்டால் மட்டுமே பழுதுபார்ப்பவரிடம் போங்கள். அதுவரை பேடை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.