மணி ஷிஃப்ட்டும் மணிக்கணக்கும்: பழைய 911 வாங்கும் முன் ஒரு பாடம்

போன செமஸ்டர் லீவுல எங்க பெரியம்மா பையன் அமெரிக்காவில் இருந்து போன் பண்ணினார். அங்கே வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. "டேய், 2003 மாடல் போர்ஷே 911 ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. 38,000 மைல்தான் ஓடியிருக்கு. 24,000 டாலர் சொல்றாங்க. நீ மெக்கானிக்கல்தானே, சொல்லு, வாங்கலாமா?"

எனக்குப் பதில் தெரியல. அந்தக் காரின் பவர் தெரியும், எத்தனை செகண்டில் 100 தொடும்னு தெரியும். பழைய காரை எப்படிப் பார்த்து வாங்கணும்னு மட்டும் தெரியாது. "ரெண்டு நாள் டைம் குடுங்கண்ணா"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்து படிச்சேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிஞ்சது. தேவையானது எல்லாமே நம்ம சிலபஸ்லயே இருக்கு, நாமதான் பரீட்சை முடிஞ்சதும் மறந்துடறோம். அதைத்தான் இங்கே எழுதறேன்.

முதலில் காரைப் பற்றி

911 என்ற பெயர் 1960-களில் இருந்தே இருக்கு. முப்பது வருஷத்துக்கும் மேல அதன் இன்ஜின் காற்றால் குளிர்விக்கப்பட்டது. 1997-ல் வந்த 996 என்ற தலைமுறைதான் தண்ணீரால் குளிரும் முதல் 911. பின்பக்கம் ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூணா படுத்திருக்கும் பாக்ஸர் இன்ஜின். அண்ணன் பார்த்த 2003 கரேராவில் 3.6 லிட்டர், 320 குதிரைத்திறன். புதுசில் 65,000 டாலருக்கு மேல வித்த கார், இன்னிக்கு ஒரு சாதாரண புது கார் விலைக்குக் கிடைக்குது.

விலை இறங்கிடுச்சு, ஆனா பாகங்களோட விலை இறங்கலை. பழுது வந்தா 65,000 டாலர் காரோட பில்தான் வரும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறவங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான்.

பாடம் 1: டேட்டா புக்கில் இல்லாத நிபந்தனை

996 கரேரா இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டுக்குக் கீழே இன்டர்மீடியட் ஷாஃப்ட்னு ஒண்ணு இருக்கு. கிராங்க் அதைச் சுத்தும், அது செயின் வழியா கேம் ஷாஃப்ட்டுகளைச் சுத்தும். அந்த ஷாஃப்ட்டின் ஃபிளைவீல் பக்க முனையைத் தாங்குறது ஒரு சின்ன பால் பேரிங். உள்ளங்கையில் அடங்கிடும்.

டிசைன் பேப்பரில் பேரிங் லைஃப் கணக்கு போட்டது ஞாபகம் இருக்கா? சி-யை பி-யால் வகுத்து மூணாம் அடுக்கு, வர்ற விடை மில்லியன் சுற்றுகளில். பிஎஸ்ஜி டேட்டா புக்கைத் திறந்து வச்சுக்கிட்டு எட்டு மார்க் வாங்கிடுவோம். அந்த எல்10 லைஃப்னா நூறு பேரிங்கில் தொண்ணூறு அதுவரை தாங்கும்னு அர்த்தம். ஆனா அந்தக் கணக்குக்குப் பின்னாடி ஒரு நிபந்தனை இருக்கு: பேரிங்குக்குச் சுத்தமான, போதுமான லூப்ரிகேஷன் கிடைக்கணும்.

இந்த பேரிங் ரெண்டு பக்கமும் சீல் பண்ணி, உள்ளே கிரீஸ் அடைச்சு வந்தது. அதைச் சுத்தி இருக்கறதோ கொதிக்கிற இன்ஜின் ஆயில். வருஷங்கள் போகப் போக சீல் இறுகிப்போய் ஆயில் உள்ளே கசியும், கிரீஸைக் கழுவிடும். கிரீஸும் போச்சு, புது ஆயிலும் தாராளமா வந்து போகாது. உள்ளே மாட்டின பழைய ஆயில்லயே பேரிங் சுத்தும். லோடு அதேதான், சுற்றும் அதேதான், நிபந்தனைதான் உடைஞ்சுபோச்சு.

பேரிங் போனா ஷாஃப்ட் ஆடும், செயின் டைமிங் தப்பும், பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். சில டாலர் பொருளால் முழு இன்ஜின் காலி. மாற்று இன்ஜின் போட ஆகும் செலவு சில சமயம் காரோட விலையையே தொட்டுடும்.

ஆரம்ப கார்களில் ரெண்டு வரிசைக் குண்டு இருந்தது. 2001 வாக்கில் ஒற்றை வரிசையா மாத்தினாங்க. பிரச்சினை அதில்தான் அதிகம். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகப் போட்ட வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிஞ்சது. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்த ஷாஃப்ட்டே கிடையாது. அதே 996 உடம்பில் வந்த டர்போ, ஜிடி3 கார்களில் இன்ஜினே வேற. அதில் இந்த ஷாஃப்ட், பம்ப் அழுத்தத்தில் வர்ற ஆயிலில் மிதக்கும் பிளெயின் பேரிங்கில் சுத்துது. அதனால இந்தத் தொல்லை அதுக்கு இல்லை.

பயந்துடாதீங்க. பெரும்பாலான 996-கள் இன்னிக்கும் நல்லாத்தான் ஓடுது. வாய்ப்பு சின்னது, இழப்பு பெருசு. ரெண்டையும் பெருக்கிப் பார்க்கணும், அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி: "பேரிங் மாத்தியாச்சா? எந்த வருஷம்? பில் இருக்கா?" மாத்தணும்னா கியர்பாக்ஸையும் கிளட்சையும் இறக்கணும். அதனால கிளட்ச் மாத்தும்போதே இதையும் சேர்த்துப் பண்றது வழக்கம்.

இன்னொண்ணு. கம்மியா ஓடின கார்தான் நல்ல கார்னு நினைக்கிறோம். மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து அஞ்சு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தற காரில் இன்ஜின் முழுசா சூடேறாது. ஆயிலில் ஈரம் சேரும், சீல் காயும். கம்மி கிலோமீட்டர் என்பது கம்மி தேய்மானத்துக்கு உத்தரவாதம் இல்லை.

பாடம் 2: மணி ஷிஃப்ட்

இந்த மணி, கடிகார மணி இல்லை, காசு. தப்பான கியர் போட்டு இன்ஜினை உடைச்சுக்கிறதுக்கு வெளிநாட்டு கார் பசங்க வச்ச பேர்.

ரெவ் லிமிட்டர் இருக்கே, எப்படி உடையும்? லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரம் இன்ஜினைச் சுத்தினா அதால ஒண்ணும் பண்ண முடியாது.

கணக்கு பார்ப்போம். 996 கரேராவின் மேனுவல் கியர்பாக்ஸில் ரெண்டாவது கியர் விகிதம் 2.20, மூணாவது 1.52, நாலாவது 1.22. மூணாவதில் 7,000 ஆர்.பி.எம். போறீங்க. நாலாவது போடக் கம்பியைப் பின்னாடி இழுக்கறீங்க. கை கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சா விழறது ரெண்டாவது. கிளட்சை விட்டதும்,

7,000 × 2.20 ÷ 1.52 = சுமார் 10,130 ஆர்.பி.எம்.

இந்த இன்ஜினின் எல்லை 7,300. கனெக்டிங் ராட் மேல வர்ற இனர்ஷியா விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். 10,130-ஐ 7,300-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தா 1.93. அதாவது எல்லையில் ஓடும்போது இருக்கற விசையைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வால்வு ஸ்பிரிங்கால் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. ராட் போல்ட் நீளலாம். கார் அப்பவே நிக்கணும்னு அவசியமில்லை, வாங்கறவர் கைக்கு வந்த பிறகும் நிக்கலாம்.

பாடம் 3: மணிக்கணக்கு

விற்கிறவர் மறைச்சாலும் இன்ஜின் கம்ப்யூட்டர் மறைக்காது. எல்லை தாண்டின ஒவ்வொரு தடவையும் எத்தனை இக்னிஷன் நடந்தது, இன்ஜினின் எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்பது அதில் பதிவாகும். 996-ல் ரெண்டு ரேஞ்சா, அடுத்து வந்த 997-ல் ஆறு ரேஞ்சா பிரிச்சிருப்பாங்க. முதல் ரேஞ்ச் லிமிட்டரைத் தொட்டாலே ஏறும், பெருசா கவலைப்பட வேண்டாம். மேல் ரேஞ்ச் எண்கள்தான் மணி ஷிஃப்ட்டைக் காட்டிக்கொடுக்கும்.

எண்ணைப் பார்த்து மிரளவும் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர்னா ஒரு சுற்றுக்கு மூணு இக்னிஷன். 8,000 ஆர்.பி.எம்.-ல் ஒரு செகண்டுக்கு 400. ஆக 400-ன்னு இருந்தா அது ஒரே ஒரு செகண்ட் கதை.

அதே ரிப்போர்ட்டில் இன்ஜின் மொத்தம் ஓடின மணி நேரமும் இருக்கும். கிலோமீட்டரை அதால வகுத்தா சராசரி வேகம் வரும். 40, 50 வந்தா நம்பலாம். பெரும்பாலும் ஹைவேயில் ஓடின கார்னு சொல்லிட்டு 15 வந்தா, ஓடோமீட்டரில் யாரோ கை வச்சிருக்காங்களோன்னு சந்தேகப்படணும். டிவிஷன் தெரிஞ்சா போதும், திருட்டைப் பிடிக்கலாம்.

பாடம் 4: டயரின் பிறந்தநாள்

2013 நவம்பர் 30. ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் பால் வாக்கர், கலிஃபோர்னியாவில் நண்பர் ஓட்டின போர்ஷே கரேரா ஜிடி-யில் போனார். விபத்தில் ரெண்டு பேருமே இறந்துட்டாங்க. காரணம் அதிவேகம்னு விசாரணை சொன்னது. அதோட, டயர்கள் ஒன்பது வருஷம் பழசு, அது காரின் கட்டுப்பாட்டைப் பாதிச்சிருக்கும்னும் சொன்னது.

ஷெட்டில் நிக்கிற காரின் டயரில் பட்டன் தேயாது, ஆனா ரப்பர் இறுகிடும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், பிடிமானம் இருக்காது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319-ன்னா 2019-ன் 23-வது வாரம். ஆறு வருஷம் தாண்டிட்டா மாத்தும் செலவையும் விலையில் சேர்த்துக்கோங்க. இது மட்டும் பணத்தைப் பற்றின பாடம் இல்லை.

மீதி, சுருக்கமா

சிலிண்டர் சுவரில் கீறல் இந்தக் குடும்ப இன்ஜின்களுக்கு, முக்கியமா ஆரம்பகால 997-ன் 3.8 லிட்டருக்கு, இருக்கற இன்னொரு நோய். சைலன்சரின் ஒரு பக்க வாயில் மட்டும் கரி, ஆயில் அதிகமா குடிக்கிறது, சூடானதும் டிக் டிக் சத்தம் இதெல்லாம் அறிகுறி. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி சின்ன கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கணும். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தா உலோகத் துகள் மின்னுதான்னு தெரியும். இதையெல்லாம் வாங்கறவர் தேர்ந்தெடுத்த மெக்கானிக் பண்ணணும், விற்கிறவரோட மெக்கானிக் இல்லை.

அண்ணன் என்ன பண்ணினார்?

சில நூறு டாலர் செலவு பண்ணி காரைச் செக் பண்ணச் சொன்னார். ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்பினார். மொத்தம் 1,250 மணி நேரம். 38,000 மைல்னா சுமார் 61,000 கிலோமீட்டர், சராசரி 49. ஓடோமீட்டர் பொய் சொல்லலை. ரெண்டாவது ரேஞ்சில் 312 இக்னிஷன். முக்கால் செகண்ட் விஷயம்தான். ஆனா நடந்தது 1,238-வது மணியில்.

அதாவது பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்னாடி. 400 மணிக்கு முன்னாடி நடந்திருந்தா, "அதுக்கப்புறமும் இவ்வளவு ஓடியிருக்கே"ன்னு ஏத்துக்கலாம். பன்னிரண்டு மணி நேரத்தில் இன்ஜின் எதையும் நிரூபிக்கலை. பேரிங் மாத்தின பில்லும் இல்லை. அண்ணன் விலையைக் குறைச்சுக் கேட்டார், விற்கிறவர் ஒத்துக்கலை. ரெண்டு வாரத்தில் வேற யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க.

அந்தக் கார் இன்னிக்கும் சூப்பரா ஓடிக்கிட்டு இருக்கலாம். அண்ணனுக்குக் கொஞ்ச நாள் அந்த வருத்தம் இருந்தது, எனக்கும்தான். ஆனா கார் உடையும்னு அவர் விலகலை. தெரியாத ஒரு ரிஸ்க்கை முழு விலை கொடுத்து வாங்க வேண்டாம்னுதான் விலகினார். இப்பவும் தேடிக்கிட்டுதான் இருக்கார். போன வாரம் இன்னொரு லிங்க் அனுப்பினார், கூடவே "முதல்ல ரிப்போர்ட் கேட்டுட்டேன்டா"ன்னு ஒரு மெசேஜ்.

நம்ம பசங்க 911 வாங்க இன்னும் நாளாகும். ஆனா பிளேஸ்மென்ட் வந்த கையோட செகண்ட் ஹேண்ட் பைக் தேடப்போறவங்க நம்ம கிளாஸ்லயே பத்துப் பேர் இருக்காங்க. பெயின்ட்டையும் மீட்டரையும் பார்த்து அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. சர்வீஸ் பில்லைக் கேளுங்க, டயரின் பிறந்தநாளைப் பாருங்க, நமக்கு நம்பிக்கையான மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க. பிடிக்கலைன்னா "வேண்டாம்ணா"ன்னு சொல்லிட்டு வாங்க. அதைச் சொல்லத்தான் நிறைய தைரியம் வேணும்.