ஆனைமங்கலத்து நெல்

அன்புள்ள தங்கைக்கு,

சீனாவின் தாசூ பாறைச் சிற்பங்களைப் படத்தில் பார்த்துவிட்டு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. புத்தரும் லாவோசியும் கன்பூசியசும் ஒரே குகையில் வீற்றிருக்கிறார்களே, நம் காவிரிக் கரையில் இப்படி ஏன் ஒன்றும் இல்லை, நம்மவர்களுக்கு அந்த மனம் இல்லையா என்று கேட்டிருந்தாய். கேள்வியின் பின்பாதிதான் என்னை எழுத வைத்தது. சிலையைப் பார்த்து மனத்தை அளந்துவிடலாம் என்று நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஒரு சமயத்தார் இன்னொரு சமயத்தாருக்கு உண்மையாகவே இடம் கொடுத்தார்களா என்று அறிய வேண்டுமானால், சிற்பத்தைக் கேட்பதைவிட நிலத்தையும் நீரையும் கேட்பது மேல். சிற்பம் செதுக்குவித்தவரின் கருத்தைச் சொல்லும். யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை நிலம்தான் சொல்லும்.

முதலில் தாசூவையே எடுத்துக்கொள். 9-ஆம் நூற்றாண்டு முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை செதுக்கப்பட்ட அந்தப் பாறைகளை 1999-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நீ பார்த்த படம் மியாவ்காவ் மலைக் குகையாக இருக்க வேண்டும். 1144-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் குகையில் மூவரும் ஒன்றாக இருக்கிறார்கள். அதற்கு முன்பே 1082 முதல் 1096 வரை ஷிஜுவான் மலையில் மூன்று நெறிகளுக்கும் தனித்தனி மாடங்கள் வெட்டப்பட்டன. வெட்டுவித்தவர் யான் சுன் என்ற நிலக்கிழார். மூன்று ஆசான்களையும் அடுத்தடுத்து அமர்த்தும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? மலை அவருடைய சொத்தாக இருந்ததும் ஒரு காரணம் அல்லவா? படத்தில் தெரியாத அந்தச் செய்தி எனக்குச் சிற்பத்தைவிட முக்கியமாகப் படுகிறது.

இப்போது நம் பக்கம் வா. டெல்டா முழுவதும் வண்டல்; செதுக்க ஒரு குன்று கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கருங்கல்லே புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான் பொதுவான கருத்து. டெல்டாவின் தலைவாசலில் நிற்கும் பெரும்பாறை திருச்சிராப்பள்ளிக் குன்று. அதில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் இருக்கின்றன, 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் சிவனுக்குக் குடைந்த குடைவரையும் இருக்கிறது. ஒரே பாறையில் இரண்டு சமயம் என்று மகிழ்ந்துவிடாதே. வேறு நெறியிலிருந்து மன்னன் லிங்க வழிபாட்டுக்குத் திரும்பினான் என்று பொருள் கொள்ளப்படும் கல்வெட்டு அந்தக் குடைவரையிலேயே இருக்கிறது. அருகருகே இருப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் வெவ்வேறு சங்கதிகள்.

பெரிய கோயிலிலும் புத்தர் உண்டு. விமானத்தின் தென்வாயிலருகே ஒரு சிறு சிற்பத் தொகுதியில் மரத்தடியில் அமர்ந்திருக்கிறார். சைவக் கோயிலில் புத்தர் இருக்கிறார் பாருங்கள் என்று அதைச் சமய நல்லிணக்கத்தின் சான்றாகக் காட்டுகிறவர்கள் பலர். ஆனால் அந்தத் தொகுதியைத் திரிபுரம் எரித்த கதையோடு சேர்த்துப் படிக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்தக் கதையில் திரிபுரத்து அசுரர்களைச் சிவநெறியிலிருந்து பிரித்து ஏமாற்றத் திருமால் எடுத்த வடிவமாகப் புத்தர் வருகிறார். அப்படிப் படித்தால் புத்தருக்கு அங்கே கிடைத்திருப்பது சிவனுடைய வெற்றிக் கதையில் ஒரு சிறு பாத்திரம்தான். எந்தப் படிப்பு சரி என்று உளியின் தடத்தைப் பார்த்து நீயும் நானும் தீர்மானிக்க முடியாது. சிற்பத்தை மட்டும் சாட்சிக்கு அழைப்பதில் உள்ள சங்கடம் இதுதான். ஒரே உருவம் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லும்.

அதே கோயிலைக் கட்டிய அதே அரசன் புத்தருக்கு வேறொன்றும் செய்தான். அதற்கு இரண்டு பொருள் சொல்ல முடியாது. கடல் கடந்த கடாரத்து ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எடுக்கத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை முடித்தான். அந்தச் சூளாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். இதைச் சொல்லும் 21 செப்பேடுகளும் பிற்காலத்தில் டச்சுக்காரர் கைவழியாக நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. ஐந்து ஏடுகள் வடமொழி, பதினாறு தமிழ். வடமொழிப் பகுதி குலப்பெருமை பாடும். தமிழ்ப் பகுதி கணக்குப் பேசும். 97 வேலிக்கு மேற்பட்ட நிலம், அதற்குரிய காணிக்கடன், அதாவது நிலவரி, 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல். கலத்தோடு நிற்காமல் தூணி, குறுணி, நாழி வரைக்கும் கணக்கு இறங்குகிறது. பிறகு பெண் யானையை நடத்தி எல்லை காண்கிறார்கள். அது நடந்த வழியில் எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த ஊர் வயலுக்குத் தெற்கு என்று வரப்பு வரப்பாக எழுதுகிறார்கள். இந்த ஊருக்குரிய நீரைப் பிறர் குறுக்கே கால் வெட்டி எடுக்கக் கூடாது என்று விதிக்கிறார்கள். சுற்றியுள்ள ஊரார், பிரமதேய ஊர்களின் சபையார் உட்பட, கையெழுத்திடுகிறார்கள்.

அந்த ஆவணத்தைப் படிக்கும்போது என்னை நிறுத்துவது இந்தக் கடைசிச் செய்திதான். டெல்டாவில் ஒருவருக்கு இடம் கொடுப்பது என்றால், முறைத் தண்ணீரில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று பக்கத்து ஊர்க்காரர் ஒத்துக்கொள்வது. அதை மீறினால் மடை உடையும், மண்டை உடையும். பிராமணச் சபைகள் பௌத்தப் பள்ளியின் எல்லைக்கும் தண்ணீருக்கும் சாட்சிக் கையெழுத்திட்டன என்பதை எந்தச் சிற்பத்துக்கும் மேலான சான்றாக நான் எண்ணுகிறேன். இதற்காகப் புதிதாக ஓர் ஏற்பாட்டை உண்டாக்கவும் வேண்டியிருக்கவில்லை. கோயிலுக்கு விட்ட நிலம் தேவதானம், அந்தணருக்கு விட்டது பிரமதேயம் என்பதுபோல, சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விட்டது பள்ளிச்சந்தம் என்று சோழர் வரிக்கணக்கில் நிலையான ஓர் இனமே இருந்தது.

இதெல்லாம் வணிகத்துக்காகச் செய்ததுதானே, கடாரத்துக் கப்பல்கள் வேண்டும், சீனத்துக்குப் போகும் கடல்வழி வேண்டும், அதற்கு ஓர் ஊரைக் கொடுத்தான் என்று நீ மறுக்கலாம். பெரும்பாலும் சரி. அதே கடாரத்தின்மீது 1025-இல் இராசராசனின் மகன் இராசேந்திரன் கடற்படையை ஏவினான் என்பதும் உன் பக்கத்துக்கே வலு சேர்க்கும். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பார். படையெடுப்புக்கு 65 ஆண்டுகள் கழித்து, 1090-இல், கடாரத் தூதர்கள் வேண்டிக்கொள்ள, முதலாம் குலோத்துங்கன் நாகப்பட்டினப் பள்ளிகளின் நிலங்களுக்கு வரிவிலக்கு எழுதிக் கொடுக்கிறான். இதைச் சொல்வது சிறிய லெய்டன் செப்பேடு. நட்பால் பிறந்த கொடை நட்பு முறிந்த பின்னும் நின்றது. மறுபக்கமும் கை நீண்டது: ஸ்ரீவிஜய மன்னனின் முகவர் நாகப்பட்டினத்துக் காயாரோகணசுவாமி கோயிலுக்கு, அதாவது சிவனுக்கு, நகைகளும் சீனக் கனகமும் கொடுத்ததை அக்கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. வணிகம் மட்டுமே காரணம் என்றால், இராசராசனின் தமக்கை குந்தவை தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் எடுத்ததோடு ஜினருக்கும் ஒரு கோயில் எடுத்தாரே, அங்கே எந்தக் கப்பல் வந்தது?

இதைவிடக் கடுமையான ஒரு மறுப்பு உண்டு. நீ அதைக் கேட்கவில்லை. அந்த நெல்லை விளைவித்தவன் யார்? அரசனுக்கு அளந்த கடனை இனிப் பள்ளிக்கு அளந்தான் உழவன். அவன் தோளில் இருந்த சுமை குறையவில்லை. யாருக்கு அளப்பது என்று அவனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனைமங்கலத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். நான் தவிர்க்க விரும்பவில்லை. அந்த ஏடுகள் காட்டும் இணக்கம், விளைச்சலில் மேல்பங்கு பெறும் உரிமை உள்ளவர்களுக்குள் ஏற்பட்ட இணக்கம். அது பொய்யன்று. ஆனால் அதன் அளவு அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், தேவாரத்தில் சமணரையும் சாக்கியர் எனப்பட்ட பௌத்தரையும் சாடும் பாடல்கள் ஏராளம், அவற்றை எங்கே வைப்பது என்று கேட்பாய். மறைக்கத் தேவையில்லை, பகை இருந்தது. ஆனால் அந்தப் பகை எதைப் பற்றியது என்று பெரியபுராணத்தின் தண்டியடிகள் கதையில் பார். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதியது; நடந்ததன் பதிவாக அதைக் கொள்ள முடியாவிட்டாலும், பகை எப்படி நினைவில் நின்றது என்பதற்குச் சாட்சி. திருவாரூரில் கோயில் குளத்தை ஒட்டிச் சமணர் பள்ளிகள் பெருகி, குளம் குறுகிப்போகிறது. கண் தெரியாத அடியவர் கயிற்றைத் தடவியபடி இறங்கி மண் தோண்டுகிறார். மண்ணைக் கிண்டினால் சிற்றுயிர்கள் சாகும் என்று சமணர் தடுக்கிறார்கள். பந்தயம் வந்து, அடியவர் கண் பெறுகிறார். சமணர் ஊரைவிட்டுத் துரத்தப்படுகிறார்கள், பள்ளிகளை இடித்துக் குளக்கரை திருத்தப்படுகிறது. தத்துவ வாதம் அந்தக் கதையில் அரைப்பங்குகூட இல்லை. கரை யாருடையது, தண்ணீருக்கு எவ்வளவு இடம் என்பதுதான் வழக்கு. கொடுத்ததை மண்ணில் அளந்த இந்த நாட்டில், பறித்ததையும் மண்ணில்தான் அளந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கல்வெட்டு. கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலில், தஞ்சை நாயக்க அரசர் செவ்வப்பர் காலத்தில், 1580-இல் பொறித்தது. திருமலைராசபுரத்துக்கு வெட்டிய வாய்க்கால் திருவிளந்துறைப் புத்தர் கோயில் நிலத்தின் வழியாகப் போனதால், அதற்கு ஈடாக நிலம் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. சோழர் போய் முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. பௌத்தம் தமிழகத்தில் அழிந்தேபோனது என்று பாடநூல்கள் எழுதும் காலம். அப்போதும் புத்தர் பெயரில் நிலம் இருந்தது, அதைத் தொட்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது, அந்தச் செய்தி ஒரு சிவன் கோயில் கல்லில் ஏறியது. எந்தச் சிலையாலும் இவ்வளவு சொல்லியிருக்க முடியாது.

சிலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாகப்பட்டினத்தில் 1856 முதல் நூற்றுக்கணக்கான புத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிவந்தன. அங்கே நின்ற பழைய செங்கல் கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரங்களில் வயலிலும் தோப்பிலும் கருங்கல் புத்தர்கள் கிடைப்பதை மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் ‘பௌத்தமும் தமிழும்’ நூலிலேயே ஊர் ஊராகக் குறித்து வைத்தார். முனி என்றும் ரிஷி என்றும் சொல்லி அவற்றுக்கு விளக்கேற்றுகிற ஊர்கள் உண்டு. அறியாமல் கும்பிடுகிறார்கள் என்று சிரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். அந்த விளக்கால்தான் பல சிலைகள் உடைபடாமல் நின்றன. ஆனால் அதையே மூன்று ஆசான்களை ஒன்றாக அமர்த்திய குகையோடு ஒப்பிட்டு, நம்மிடமும் இருக்கிறது என்று மார்தட்டவும் மாட்டேன். சிலை தங்கியது; பள்ளிக்கு உரிய நிலமும் தண்ணீரும் போய்விட்டன.

அடுத்த விடுமுறையில் நீ அப்படி ஒரு புத்தரைத் தேடிப் போவதாக எழுதியிருக்கிறாய். போய் வா. படம் எடுத்த பிறகு, அந்தத் திடலுக்கு ஊரார் என்ன பெயர் சொல்கிறார்கள், பட்டா யார் பெயரில் இருக்கிறது, பக்கத்து வாய்க்கால் எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது என்று கேட்டு எழுதிக்கொள். ஆனைமங்கலச் செப்பேட்டின் முழு வாசகம் ‘எபிகிராஃபியா இண்டிகா’ 22-ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. வடமொழிப் புகழுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எல்லை சொல்லும் தமிழ்ப் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்