இடைவெளியும் ஒரு கட்டடம்

செம்பூரில் திலக் நகர்ப் பக்கம் சென்றால், பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் வானளாவிய கட்டடங்கள் எழுவதைக் காணலாம். ஒரு கட்டடத்திற்கு எத்தனை மாடிகள் என்று எண்ணுவதில் நமக்கு ஆர்வம் மிகுதி. அதற்கும் அடுத்த கட்டடத்திற்கும் நடுவே எவ்வளவு இடம் விடப்பட்டுள்ளது என்று பார்ப்பவர் குறைவு. பம்பாய் விரைந்து வளர்ந்த காலத்தில் அந்த இடைவெளிக்கும் மதிப்பளித்த ஒரு கட்டடக்கலைக் கூட்டு நிறுவனத்தைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம். அதன் பெயர் 'கிரெக்சன், பேட்லி அண்ட் கிங்'. பங்குதாரர் மூவரின் பெயர்களே நிறுவனத்தின் பெயராயின.

முதலில் அக்கால நகரத்தை அறிந்துகொள்ள வேண்டும். 1896-ஆம் ஆண்டு பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளில் அது மக்களை வாட்டியது. அதன் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோற்றுவிக்கப்பட்டது. நம்மவர் மிகுதியாகக் குடியேறிய மாதுங்காவின் அகன்ற தெருக்கள் இவ்வமைப்பு வகுத்த திட்டத்தினால் உருவானவையே. நகரின் மக்கள்தொகையோ 1901-இல் ஏறத்தாழ 7.76 லட்சமாக இருந்து, 1921-இல் 11.75 லட்சத்தைத் தாண்டியது.

அறக்கட்டளையின் தலைவராக இருந்த ஓர் என்பார் ஒரு விதியை வலியுறுத்தினார். உங்கள் வீட்டுச் சுவரின் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு வரைந்தால், அக்கோடு தரையோடு சேர்ந்து உண்டாக்கும் கோணம் 63.5 பாகைக்கு மேற்படக் கூடாது. கணக்கில் சொன்னால் இது மிக எளிது: எதிர்க் கட்டடத்தின் உயரத்தில் பாதியளவு இடைவெளி வேண்டும். கட்டடம் 40 அடி உயரமெனில், 20 அடி திறந்த வெளி விட வேண்டும். அவ்வளவுதான். ஆயினும் நிலத்தின் விலை ஏறிய நகரத்தில் இந்த 20 அடியைக் காப்பாற்றுவது எளிதாக இருக்கவில்லை.

இத்தகைய நகரத்திற்குத்தான் 1913-இல் கிளாட் பேட்லி இங்கிலாந்திலிருந்து வந்தார். அவர் 1879-இல் பிறந்தவர். 1917-இல் மேற்கண்ட நிறுவனத்தில் பங்குதாரர் ஆனார். அலுவலகப் பணியோடு சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஆசிரியப் பணியும் ஆற்றினார். 1923 முதல் 1943 வரை அங்குக் கட்டடக்கலைப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். அவர் வகுப்பில் மாணவர்கள் பழைய இந்தியக் கட்டடங்களை நாடாவால் அளந்து, அவ்வளவுகளைச் சிறிதாக்கித் தாளில் வரைய வேண்டும். தூணின் உயரம், தாழ்வாரத்தின் அகலம், முற்றத்தின் நீளம் ஆகிய எதையும் விடக்கூடாது. இத்தகைய அளவை வரைபடங்கள் 1934-இல் நூலாகவும் வெளிவந்தன.

ஏன் அளக்க வேண்டும்? பார்த்தால் போதாதா? பார்க்கும் கண் அலங்காரத்தில் மயங்கிவிடும். அளக்கும் கை காரணத்தைக் கேட்கும். ஊரில் உங்கள் பாட்டி வீட்டின் முற்றத்தை நினைத்துப் பாருங்கள். சூடான காற்று அதன் வழியே மேலெழுகிறது. சுற்றியுள்ள தாழ்வாரம் வெயிலையும் சாரலையும் அறைகளுக்கு வெளியே நிறுத்துகிறது. தாழ்வாரம் ஓரடி குறைந்தால் அறை சுடும். மிக அகன்றால் அறை இருளும். இந்த நுட்பத்தைக் கற்பதே பேட்லியின் நோக்கம். பழைய கோபுரங்களையும் தூண்களையும் அப்படியே எடுத்துப் புதிய சுவரில் ஒட்டிவைப்பதை அவர் விரும்பவில்லை.

இந்நிறுவனத்தின் படைப்புகளில் நீங்கள் எளிதில் காணக்கூடியது மும்பை சென்ட்ரல் இரயில் நிலையம். செம்பூரிலிருந்து துறைமுக வழித்தடத்தில் குர்லா சென்று, அங்கிருந்து தாதர் அடைந்து, மேற்கு வழித்தடத்திற்கு மாறினால் அங்குப் போய்ச் சேரலாம். அதற்கு முன் மேற்கு வழித்தடத்தின் முனையம் கொலாபாவில் இருந்தது. அதற்கு மாற்றாகப் புதிய முனையம் தேவைப்பட்டது. 21 மாதங்களில் கட்டி முடிக்கப்பட்டு, 1930 டிசம்பர் 18-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 1.56 கோடி ரூபாய். விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தின் கோபுரங்களையும் சிற்பங்களையும் இங்குத் தேடாதீர்கள்; கிடைக்கா. கூட்டம் தடையின்றி வந்து செல்வதே இதன் அழகு.

இவ்வாசிரியரின் கருத்தில் அதனினும் சிறந்தது கொலாபாவில் உள்ள குஸ்ரோ பாக். வாடியா குடும்ப அறக்கட்டளை பார்சி மக்களுக்காக 1934-இல் அமைத்த குடியிருப்பு இது. ஏறத்தாழ 84,000 சதுர கஜ நிலத்தில் 500-க்கு மேற்பட்ட குடும்பங்கள் வாழ்கின்றன. கடைகள் நிறைந்த கொலாபா காஸ்வே சாலையில் நடப்போர்க்கு உள்ளே இப்படியோர் அமைதி இருப்பது தெரியாது. வாயிலைக் கடந்தால் கட்டடங்களுக்கு நடுவே அகன்ற திறந்த வெளி. அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள். (வெளியாரைக் காவலர் உள்ளே விடமாட்டார், வாயிலிலிருந்தே எட்டிப் பாருங்கள்.) பாட்டி வீட்டு முற்றம் ஒரு குடும்பத்துக்கு உரியது. இங்கோ 500 குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு முற்றம்!

இந்நிறுவனத்தை நாடியோர் பெரும்பாலும் செல்வரும் அறக்கட்டளையினருமே. மலபார் குன்றில் முகமது அலி ஜின்னாவின் மாளிகையை 1936-இல் வடிவமைத்தவரும் பேட்லியே. ஆலைத் தொழிலாளரோ ஒரே அறை கொண்ட சால் வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். நல்ல வடிவமைப்பு, விலை கொடுக்க முடிந்தவரிடமே முதலில் சென்றது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பேட்லி 1949-இல் பம்பாயின் வீடுகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்.

நம் பக்கத்திலேயே கோவண்டியில் நட்வர் பாரேக் குடியிருப்பு உள்ளது. குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டோர்க்காகக் கட்டப்பட்டது அது. ஏழு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே இடைவெளி ஏறத்தாழ 3 மீட்டர். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று கொண்டாலும், ஓர் வகுத்த விதிப்படி 10 மீட்டருக்கு மேல் வேண்டும். கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்கு எரிகிறது. இத்தகைய வெளிச்சமும் காற்றோட்டமும் குறைந்த வீடுகளில் காசநோய் மிகுதியாக இருப்பதை 2018-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. நம் வகுப்புத் தோழர் சிலரின் வீடும் அங்கே இருக்கலாம்.

சொற்பொருள்

முனையம் – வண்டிகள் புறப்பட்டு முடியும் நிலையம். தாழ்வாரம் – முற்றத்தைச் சுற்றியுள்ள கூரையிட்ட நடை. பாகை – கோணத்தின் அலகு. கஜம் – மூன்றடி நீளம்.

பயிற்சி

1. நண்பகலில் உங்கள் வீட்டின் எந்த அறையில் விளக்கின்றிப் படிக்க முடிகிறது? காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

2. உங்கள் கட்டடத்திற்கும் எதிர்க் கட்டடத்திற்கும் இடையே உள்ள தொலைவை அடி வைத்து அளந்து, 63.5 பாகை விதிக்குப் பொருந்துகிறதா என்று கணக்கிடுக.

3. ஊரில் உள்ள பெரியவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டு, அவர் வளர்ந்த வீட்டின் வரைபடத்தை வரைந்து, பகுதிகளுக்குத் தமிழ்ப் பெயர் எழுதுக.