குளிர்சாதனப் பெட்டியும் மின்கட்டணமும்: ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டிற்கு வந்த ஒரு கணக்கு

நாள்தோறும் பால் நிறுக்கும் கொட்டகையில் நடைபெறுவதை நாம் அனைவரும் அறிவோம். இருவர் கொண்டுவரும் பாலின் எடை ஒன்றாகவே இருக்கலாம். ஆயினும், சிறிதளவு பாலை எடுத்துச் சோதித்துப் பார்க்கும்போது, ஒருவரது பாலில் உலர்ந்த ரப்பர் மிகுதியாகவும் மற்றவரது பாலில் குறைவாகவும் இருப்பது தெரியவரும். வாளி நிறைந்திருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து கிடைக்கும் ரப்பர் எவ்வளவு என்பதையே கணக்கில் எடுத்துக்கொள்வர்.

மின்சாரத்திற்கும் இக்கணக்குப் பொருந்தும். ஒரு வீட்டில் எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகிறது என்பது வாளியின் எடையைப் போன்றது. அம்மின்சாரத்தால் எவ்வளவு வெளிச்சமும் குளிர்ச்சியும் காற்றும் கிடைக்கின்றன என்பது உலர்ந்த ரப்பரைப் போன்றது. இந்த எளிய உண்மையை அமெரிக்கப் பல்கலைக்கழக அறிஞர் ஒருவர் அளந்து காட்டினார். அரசாங்கம் அதனைச் சட்டமாக்கியது. அதனால் விளைந்த பயன் என்ன என்பதையும், அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பதையும் இம்மாதப் பாடத்தில் காண்போம்.

யூனிட் என்பது யாது?

1,000 வாட் ஆற்றலுள்ள சாதனம் ஒன்று ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட் ஆகும். 100 வாட் விளக்கு 10 மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட் செலவாகும். விளக்கை நாம் அணைத்து விடுகிறோம். தொலைக்காட்சியையும் நிறுத்தி விடுகிறோம். ஆனால், ஐஸ் பெட்டி என்று நம் வீடுகளில் வழங்கும் குளிர்சாதனப் பெட்டியோ இரவு பகலாக மின்சாரத்துடன் இணைந்தே இருக்கிறது. ஆகையால், அதன் அமைப்பில் உள்ள சிறு குறையும் ஆண்டின் 365 நாள்களிலும் செலவாகப் பெருகுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு

1973ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவிற்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்ந்தது. எண்ணெய் நிலையங்களில் வண்டிகள் நீண்ட வரிசையில் காத்து நின்றன.

அக்காலத்தில் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ரோசன்பெல்ட் என்பவர் இயற்பியல் பேராசிரியராக இருந்தார். புகழ்பெற்ற அறிஞர் என்ரிகோ பெர்மியிடம் பயின்றவர் அவர். அணுவினும் நுண்ணிய துகள்களை ஆராய்வதே அவரது துறை. அவ்வாண்டு நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை இரவொன்றில், ஆய்வுக்கூடத்திலிருந்து வீடு திரும்பும் நேரத்தில், யாருமில்லாத அறைகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருப்பதை அவர் கண்டார். வார இறுதி முழுவதும் அவை எரிந்தால் எவ்வளவு எரிபொருள் வீணாகும் என்று கணக்கிட்டார். ஏறத்தாழ 20 அறைகளுக்கு 100 காலன் எண்ணெய்க்கு நிகரான எரிபொருள் என்று விடை வந்தது. விளக்குகளை அணைக்க முயன்றபோது, சில பொத்தான்கள் அலமாரிகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் பின்னே மறைந்திருந்தன! அணைக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கு எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அப்போது அவருக்கு வயது 47. அடுத்த சில ஆண்டுகளில் அவர் தம் பழைய துறையை விட்டு விலகினார். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், கட்டடங்களிலும் வீட்டுச் சாதனங்களிலும் எரிசக்தி எவ்வாறு வீணாகிறது என்பதை ஆராயத் தொடங்கினார்.

விலையும் திறனும்

அவருடைய மாணவர்களுள் ஒருவரான டேவிட் கோல்ட்ஸ்டீன் என்பவர், கடைகளில் விற்கப்படும் குளிர்சாதனப் பெட்டிகளின் விலையையும் அவை பயன்படுத்தும் மின்சாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மின்சாரத்தைக் குறைவாகப் பயன்படுத்தும் பெட்டியின் விலை கூடுதலாக இருக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஆனால், இரண்டிற்கும் தொடர்பே இல்லை என்று தெரியவந்தது. ஏறத்தாழ ஒரே விலையில், ஒரே அளவில், மின்சாரத்தை அதிகம் விழுங்கும் பெட்டியும் இருந்தது. குறைவாகப் பயன்படுத்தும் பெட்டியும் இருந்தது. வெளித் தோற்றத்தைக் கொண்டு இரண்டையும் வேறுபடுத்தி அறிய வாங்குபவரால் இயலவில்லை.

அக்காலத்தில் அமெரிக்காவின் மின்தேவை ஏறத்தாழ பத்தாண்டிற்கு ஒருமுறை இரட்டிப்பாகி வந்தது. அதனை நிறைவு செய்யக் கலிபோர்னியாவின் பாலைவனப் பகுதியில் சன்டெசர்ட் என்னும் அணுமின் நிலையத்தை அமைக்கத் திட்டமிட்டிருந்தனர். பெட்டிகளின் திறனை உயர்த்தினால், அத்தகைய நிலையம் தரக்கூடிய மின்சாரத்திற்கு ஈடான அளவைச் சேமிக்க இயலும் என்று ரோசன்பெல்ட் எடுத்துரைத்தார். மாநில ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அதனைச் செவிமடுத்தார். 1970களின் பிற்பகுதியில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் மின்சாரம் செலவிடும் பெட்டிகளை விற்கலாகாது என்னும் விதி அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. அணுமின் நிலையத் திட்டம் 1978இல் கைவிடப்பட்டது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன.

சட்டம் எதற்கு?

'நல்ல பெட்டியைப் பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்புதானே, இதற்குச் சட்டம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். பெட்டிக்குள் இருக்கும் மோட்டாரைத் தேர்ந்தெடுப்பவர் அதனைச் செய்யும் தொழிற்சாலைக்காரர். மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்துபவரோ வேறொருவர். மட்டமான மோட்டாரைப் பொருத்துவதால் தொழிற்சாலைக்காரருக்கு நட்டமில்லை. நட்டம் முழுவதும் வாங்கியவரையே சாரும். அதிலும், குறைந்த வருமானமுடைய குடும்பத்தினருக்கே அச்சுமை பெரிதாகத் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத இக்குறையை அளந்து காட்ட அறிஞர் வேண்டும். அதனைத் தடுக்க அரசாங்கத்தின் விதி வேண்டும்.

கண்ட பயன்

விதி வந்தபின் தொழிற்சாலைகள் பெட்டியின் சுவர்களில் குளிர் வெளியேறாமல் தடுக்கும் நல்ல நுரைப் பொருளை நிரப்பின. மோட்டாரையும் அழுத்தியையும் செம்மைப்படுத்தின. கதவு இறுக மூடுமாறு செய்தன. 1987இல் அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான சட்டம் இயற்றப்பட்டது. 1970களின் நடுவில், அந்நாட்டில் விற்கப்பட்ட புதிய பெட்டி ஒன்று சராசரியாக ஆண்டிற்கு ஏறத்தாழ 1,800 யூனிட் பயன்படுத்தியது. 2001ஆம் ஆண்டின் விதி வந்தபோது அது ஏறத்தாழ 500 யூனிட்டாகக் குறைந்தது. பெட்டியின் கொள்ளளவோ முன்பைவிடக் கூடியிருந்தது.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டிக்கு ஆண்டிற்கு 1,300 யூனிட் மிச்சம். பத்து இலட்சம் வீடுகளில் 130 கோடி யூனிட் மிச்சமாகும். 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று ஆண்டிற்கு ஏறத்தாழ 300 கோடி யூனிட் தரும். எனவே, ஏறத்தாழ 23 இலட்சம் வீடுகளில் பெட்டி மாறினால், அத்தகைய நிலையம் ஒன்றின் ஓராண்டு உற்பத்திக்கு ஈடாகிறது.

கலிபோர்னியாவில் ஆளொருவருக்குச் செலவாகும் மின்சாரம் 1970களுக்குப் பின் பெரிதும் உயரவில்லை. ஆயினும், இதற்குச் சட்டங்கள் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. அங்குள்ள மிதமான தட்பவெப்பமும் தொழில்களின் அமைப்பும் காரணங்களாகும் என்று பிற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். ரோசன்பெல்ட் 2000 முதல் 2010 வரை அம்மாநில எரிசக்தி ஆணையத்தின் உறுப்பினராகப் பணியாற்றினார். 2017இல், தமது 90ஆம் வயதில் காலமானார்.

நம் நாட்டில்

மலேசியாவிலும் 2013ஆம் ஆண்டு முதல், குளிர்சாதனப் பெட்டி, குளிரூட்டி, தொலைக்காட்சி, மின்விசிறி, விளக்கு ஆகியவற்றிற்குக் குறைந்தபட்சத் திறன் விதிக்கப்பட்டுள்ளது. சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையம் இதனைக் கண்காணிக்கிறது. திறனைக் காட்டும் நட்சத்திர அட்டையைப் பெட்டியின் மீது காணலாம். ஐந்து நட்சத்திரம் மிக உயர்ந்த திறனைக் குறிக்கும்.

ஆனால், சட்டம் கடை வரைதான் வரும். பட்டணத்தில் யாரோ கழித்த பழைய பெட்டி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றால், வாங்கிவிடத் தோன்றுவது இயல்பே. அது மாதம் 70 யூனிட் பயன்படுத்துகிறது என்றும், புதிய பெட்டி 30 யூனிட் பயன்படுத்துகிறது என்றும் கொள்வோம். வேறுபாடு மாதத்திற்கு 40 யூனிட். ஆண்டிற்கு 480 யூனிட். ஐந்தாண்டுகளில் 2,400 யூனிட். நம் கட்டணச் சீட்டில் ஒரு யூனிட்டிற்குக் குறிக்கப்பட்டுள்ள விலையால் இதனைப் பெருக்கிப் பார்த்தால், மலிவு உண்மையில் மலிவுதானா என்பது விளங்கும். பெட்டியின் விலையை ஒருமுறை கொடுக்கிறோம். மின்சாரத்தின் விலையை மாதந்தோறும் கொடுக்கிறோம்.

வீட்டில் செய்து பார்க்க

1. இரவு உறங்கப் போகுமுன் மின்மானியில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். அதிகாலையில் வேலைக்குப் புறப்படும் முன் மீண்டும் பாருங்கள். நாம் உறங்கும்போது எவ்வளவு செலவாகிறது என்பது தெரியும். பள்ளிப் பிள்ளைகளிடம் இக்கணக்கை ஒப்படைக்கலாம்.

2. பெட்டியின் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, மெல்ல இழுங்கள். தாள் தடையின்றி வெளியே வந்தால், கதவின் விளிம்புப் பட்டை தளர்ந்துள்ளது என்று பொருள். அதனை மாற்றுவது நலம்.

3. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அடுப்புக்கு அருகிலும் வைக்காதீர்கள். வெப்பம் வெளியேற இடம் வேண்டும்.

4. புதிய பெட்டி வாங்கும்போது நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், ஆண்டிற்கு எத்தனை யூனிட் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். நட்சத்திரம் பெட்டியின் கொள்ளளவைப் பொறுத்து வழங்கப்படுகிறது. ஆகவே, தேவைக்கு மிஞ்சிய பெரிய பெட்டி, ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்தாலும், சிறிய பெட்டியைவிடக் கூடுதலாகச் செலவு வைக்கக்கூடும்.

சிக்கனம் என்றால் இருட்டில் அமர்வதும் குழந்தைக்குக் குளிர்ந்த பால் இல்லாதிருப்பதும் என்று எண்ண வேண்டுவதில்லை. கிடைக்கும் குளிர்ச்சி குறையாமலே செலவைக் குறைக்க இயலும் என்பதையே ஆய்வுக்கூடத்துக் கணக்கு காட்டியது. அக்கணக்கைச் சட்டம் நம் ஊர்க் கடை வரை கொண்டுவந்து அட்டையில் எழுதி வைத்துள்ளது. அதனைப் படித்துப் பார்த்து வாங்குவது நம் கையில் உள்ளது.