நாட்டுக்கு எந்தச் சாதகம்?

கரவெட்டியில் இருந்து சோதிடம் பயிலும் ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார்: "இலங்கைக்குச் சாதகம் கணிப்பதென்றால் 1948 பெப்ரவரி 4ஐ எடுப்பதா, 1972 மே 22ஐ எடுப்பதா? நெல்லியடியில் இரண்டு சாத்திரிமாரிடம் விசாரித்தேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தமிழருக்கென்று தனிச் சாதகம் ஒன்று கணிக்கலாமா?"

தம்பி, ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் 1948ஐ எடுங்கள். கொழும்பு, பெப்ரவரி 3 முடிந்து 4 பிறக்கும் நள்ளிரவு. காரணத்தைச் சொல்கிறேன்.

நாடு என்றால் எல்லை, குடிகள், திறைசேரி, வெளிநாடுகளோடு கொண்ட உறவு எல்லாம் சேர்ந்தது. 1972இல் பெயர் மாறியது, முடியரசு போய்க் குடியரசு வந்தது. ஆனால் 1955இல் கிடைத்த ஐ.நா. உறுப்புரிமைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டி வரவில்லை. வாங்கின கடனும் செய்த ஒப்பந்தங்களும் அப்படியே தொடர்ந்தன. ஆள் அதே ஆள். கலியாண நாளை யாரும் பிறந்தநாள் என்று சாத்திரியாரிடம் கொடுப்பதில்லை அல்லவா?

அடுத்தது நேரம். கொடி ஏற்றிய நேரம், பதவிப் பிரமாணம் செய்த நேரம் என்று தேடி அலைய வேண்டாம். 1947ஆம் ஆண்டின் இலங்கைச் சுதந்திரச் சட்டம் "குறித்த நாள்" முதல் இங்கே பிரித்தானியாவுக்குப் பொறுப்பில்லை என்கிறது. அந்த நாள் பெப்ரவரி 4. சட்டத்தில் ஒரு நாள் நள்ளிரவில் தொடங்குகிறது, சூரியோதயத்தில் அல்ல. நம் பஞ்சாங்கத்தில் நாள் உதயத்தில் தொடங்குவதால் சிலர் உதயத்துக்குக் கணித்து மகர இலக்கினம் என்பார்கள். பிறந்தது பிரித்தானியச் சட்டத்தின் கீழ் என்பதை மறந்துவிடுகிறார்கள். குளோஸ்டர் கோமகன் வந்து பாராளுமன்றத்தைத் திறந்துவைத்த பெரிய விழா பெப்ரவரி 10இல் நடந்தது. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அது வெறும் விழா.

நள்ளிரவுக்குக் கணித்தால் துலா இலக்கினம், ஏறத்தாழ 17 பாகை. சந்திரன் விருச்சிகத்தில், அனுஷத்தில். சனி திசை இருப்பு எட்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. கரவெட்டியின் அட்சாம்சம், தீர்க்காம்சம் போட்டுப் பார்த்தாலும் இலக்கினம் அரைப் பாகைகூட அசையாது. ஆனாலும் நாட்டுச் சாதகத்துக்குத் தலைநகரைப் போடுவதே மரபு.

போனில் உள்ள சோதிட அப்பை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கையின் நேரம் பலமுறை மாறியிருக்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் முன்னே தள்ளியிருந்த நேரம் 1945 ஒக்டோபரில் பழைய 5.30க்கு (கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்) திரும்பிவிட்டது. 1996 மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னே போய், அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்து, 2006 ஏப்ரலில்தான் மறுபடி 5.30 ஆனது. வன்னியில் புலிகளின் பகுதியில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய நேரமா புது நேரமா என்று கேட்டுக் கேட்டே நாங்கள் பத்து வருடம் ஓட்டினோம். அந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகளின் குறிப்புகள் எத்தனையில் இலக்கினம் பிழைத்துக் கிடக்கிறதோ! நாட்டுச் சாதகத்துக்கு 1948, 1972 இரண்டும் 5.30க்குள்தான் வருகின்றன. அப் 6.30 என்று எடுத்திருந்தால் துலாம் 17 பாகை என்பது 3 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். நவாம்சம் முழுக்கப் போச்சு. கணிக்கும் முன் அப்பில் நேர வலயம் என்ற அந்த ஒரு பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இனி 1972. கொழும்பில் நவரங்கஹலவில், மே 22 பகல் 12.43 என்ற சுபநேரத்தில் குடியரசு யாப்பு ஏற்கப்பட்டது. கணித்துப் பாருங்கள், பார்த்து எடுத்த கை தெரியும். சிம்ம இலக்கினம், ஸ்திர ராசி, கொடியிலும் சிங்கம். இலக்கினாதிபதி சூரியன் பத்தாம் இடத்தில், திக்பலத்தோடு. சந்திரன் கன்னியில், உத்திரத்தில். வராகமிகிரர் பிருகத் சங்கிதையின் கூர்ம சக்கரத்தில் தென்திசைக்குக் கொடுத்த மூன்று நட்சத்திரங்கள் உத்திரம், அத்தம், சித்திரை. அந்தத் தென்திசைப் பட்டியலின் தலையில் இலங்கை வருகிறது. வேண்டுமென்றே பொருத்தினார்களோ தற்செயலோ, முகூர்த்தமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

எனக்கு அதிலேதான் தயக்கம். பார்த்து வைத்த நேரத்தில் வைத்தவரின் ஆசை தெரியும். நாட்டின் இயல்பு தெரியுமா என்பது வேறு. பர்மா 1948 சனவரி 4, அதிகாலை 4.20க்குச் சுதந்திரம் பெற்றது. சோதிடர் குறித்த நேரம் அது. மூன்று மாதம் ஆகவில்லை, கம்யூனிஸ்டுகள் ஆயுதம் தூக்கினார்கள். இங்கேயும் சிம்ம இலக்கினத்துக் குடியரசு பிறந்தபோது தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையில் இல்லை. 1971இலேயே வெளியேறிவிட்டது. முந்தைய சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவின் காப்பும் புதிய யாப்பில் வரவில்லை. 1972 ஒக்டோபரில் அக்கட்சியின் தலைவர் செல்வநாயகம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். பத்தில் சூரியன் அரசுக்கு நல்லது. குடிகள் எல்லாருக்கும் நல்லது என்று எந்த நூலும் சொல்லவில்லை.

ஆகவே 1972ஐத் தூக்கி எறிய வேண்டாம், அதற்குரிய கேள்விக்கு வைத்திருங்கள்: ஆட்சிமுறை, யாப்பு, அரசின் அதிகாரம். யாப்புத் திருத்தம் வருமா வராதா என்று கேட்டால் அதைத் திறவுங்கள். 1978 செப்டெம்பர் 7இல் நடைமுறைக்கு வந்த யாப்பையும் பக்கத்தில் வையுங்கள், இன்று நடப்பது அதன் கீழ்தான்.

எடுத்த சாதகம் சரியா என்று நடந்து முடிந்தவற்றை வைத்துச் சோதிப்பீர்கள். அங்கேதான் மனம் ஏமாறும். 1948இன் கணக்கில் சனி திசை 1956 தொடக்கத்தில் முடிந்து புதன் திசை பிறக்கிறது. புதன் மொழிக்குக் காரகன், 1956 யூலையில் தனிச் சிங்களச் சட்டம். கேட்டவுடன் மயிர் கூச்செறியும். ஆனால் சந்திர ஸ்புடத்தில் அரைப் பாகை வேறுபட்டால் திசை இருப்பில் எட்டு மாதத்துக்கு மேல் போய்விடும். கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் வருவது புதிதல்ல, சனி மாற்றம் வரும்போதெல்லாம் சண்டை பிடிக்கிறோம். ஒரு பக்கம் தள்ளினால் புதன் திசை 1956 செப்டெம்பருக்குப் போகும், சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. நாட்டுச் சாதகத்துக்குத் திருக்கணிதத்தையே எடுங்கள். எடுத்தபின் வசதிக்கு மாற்றாதீர்கள்.

இன்னொன்று. 1980இல் இருந்து 2000 வரை இந்தச் சாதகத்தில் சுக்கிர திசை. "சுக்கிர திசை அடிக்குது" என்று ஊரில் சொல்வோமே, அது. 1983 யூலைக் கலவரமும் 1987 போரில் வடமராட்சி பட்ட பாடும் அதற்குள்தான். துலா இலக்கினத்துக்குச் சுக்கிரன் இலக்கினாதிபதி மட்டுமில்லை, எட்டாம் அதிபதியும் என்று விளக்கலாம். விளக்கம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இருபது வருடமும் செழிப்பாகப் போயிருந்தால் இலக்கினாதிபதி திசை என்று அதே சுக்கிரனை வைத்தே முடித்திருப்போம். அதனால் பழையதைப் பொருத்திக் காட்டுவதை விடுங்கள். வரப்போகிற ஆறு மாதத்துக்கு என்ன சொல்கிறது என்று திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். 1948க்கு ஒரு பக்கம், 1972க்கு ஒரு பக்கம். "பொருளாதாரத்தில் ஏற்ற இறக்கம்" என்று எழுதாதீர்கள், அது எப்போதும் பலிக்கும். என்ன விலை, ஏறுமா இறங்குமா, எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். வருடப் பலனுக்கு மேட சங்கிராந்தி நேரத்துக்குக் கொழும்பில் இலக்கினம் கணித்து அதையும் சேர்த்துப் பாருங்கள். மேதினி சோதிடத்தில் அதற்குத்தான் அதிக மரியாதை. எழுதியது பிழைக்கவும் கூடும்: 2015 தேர்தலில் அப்போதைய சனாதிபதிக்கு வெற்றி நிச்சயம் என்று அவருடைய சோதிடர் ஊரறியச் சொன்னதும் சனவரி 8இல் அவர் தோற்றதும் நினைவிருக்கட்டும்.

தமிழருக்குத் தனிச் சாதகம் பற்றிக் கேட்டீர்கள். ஒரு இனத்துக்குப் பிறந்த நேரம் கிடையாது. தனிநாடு கோரிய 1976 மே 14 வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்குக் கணிப்பவர்கள் உண்டு. அது ஒரு தீர்மானத்தின் சாதகம், அந்தத் தீர்மானம் என்ன ஆகும் என்பதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்க முடியாது. வடமாகாண சபை 2013 ஒக்டோபர் 25இல் முதன்முதல் கூடியது. சபைக்கு எதிர்காலம் உண்டா என்று அறிய விரும்பினால் அந்த அமர்வு தொடங்கிய நேரத்தைச் சபையின் பதிவேட்டில் தேடி எடுங்கள். பத்திரிகையில் வந்த நேரம் போதாது. நேரம் கிடைக்காவிட்டால் இலக்கினத்தை விட்டுச் சந்திர ராசியை மட்டும் வைத்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தது என்பதையும் கொப்பியில் எழுதிவையுங்கள்.